எல்லாக் கதையிலும் ஒரு மரம்

மாலை நாலு மணி நாற்பது நிமிடத்துக்கு ஆலங்காயம் பேருந்து ஜமுனாமரத்தூர் நிலையத்துக்குள் வந்து நின்றது. அதிலிருந்து என் மகள் இறங்கவில்லை.

ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே நின்றேன். கடைசியாக ஒரு பெரியவர் கோழிக்கூடையோடு இறங்கினார். பிறகு நடத்துநர் இறங்கினார். "பொண்ணுங்க ரெண்டு பேரும் இன்னிக்கு ஏறலியே சார்" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த அக்கா கடைக்கு டீ குடிக்கப் போனார்.

அக்காவைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவளை நினைத்தாலே மனம் அந்த நாலு நாற்பதில் போய் நின்றுகொள்கிறது. இப்போது நாங்கள் மலையை விட்டு இறங்கிக் கணியம்பாடியில் குடியிருக்கிறோம். மகள் கல்லூரிக்குப் போய் வருகிறாள். பேருந்து கொஞ்சம் தாமதமானாலும் நான் தெருமுனையில் நிற்கிறேன். "வந்துடுவேன்ப்பா, நீ வூட்ல இரு" என்கிறாள். இருக்க முடிவதில்லை.

அக்காவின் கடைக்குத் தகரக் கூரை. காலையில் இட்லியும் சாமை உப்புமாவும், மாலையில் டீயும் போண்டாவும். அவளுடைய பெயர் எனக்குத் தெரியாது. ஊரே அக்கா என்றது, நானும் அக்கா என்றேன். வயதில் மூத்தவள் என்றாலும் ஒன்றிய அலுவலகத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் என்னை சார் என்பாள். அவளிடம் சிரிப்பு முதலில் வரும், கதை பிறகுதான் வரும். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, பாய்லர் பக்கம் திரும்பித் தோள் குலுங்கச் சிரிப்பாள். கடையில் இருப்பவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் காத்திருப்பார்கள்.

"நேத்து நம்ம ஆளு இன்னா பண்ணான் தெரியுமா?"

நம்ம ஆளு என்றால் அவளுடைய மகன். பெங்களூரில் ஒரு பெரிய ஓட்டலில் வேலை.

"அந்த ஓட்டலு வாசல்ல ஒரு மரம் வெச்சிருக்கான். பிளாஸ்டிக் மரம். இவனுக்கு இன்னா தெரியும்? தெனமும் காலைல ஒரு பக்கெட் தண்ணி ஊத்தறான். மேனேஜர் வழுக்கி வுழுந்து, 'எவன்டா தண்ணி ஊத்தனது'ன்னு கத்தறான். இவன் போய் நிக்கறான். 'நான்தான் சார். பாருங்க, ஒரு இலைகூட வாடல'ன்றான்!"

இன்னொரு நாள் அவன் சாமைச் சோறு ஆக்கிச் சாப்பிடுவதை முதலாளியம்மா பார்த்துவிட்டாளாம். "புறாவுக்குப் போடறதையா நீ தின்ற?" என்று கேட்டாளாம். "ஆமாம்மா, படுக்கறதும் மரத்து மேலதான். நீங்க ரூம் குடுக்கலியே" என்றானாம். முதலாளி மகள் கல்யாணத்துக்கு வாசலில் கட்டிய வாழை மரத்தை ஆடு தின்றுவிட்டதாம். இவன் பயந்துபோய் ரெண்டு இலையைக் கையில் பிடித்துக்கொண்டு தானே மரமாக நின்றுவிட்டானாம். "வந்தவங்கல்லாம் இவன் காதுல பலூன கட்டிட்டுப் போறாங்க சார்!"

ஜீப் ஓட்டுபவர்கள் தொடையில் தட்டிச் சிரிப்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன். சிரித்த சிரிப்பிலேயே ஒரு நாள், "பொங்கலுக்கு வர்றானாக்கா?" என்று கேட்டுவிட்டேன். மலைக்கு வந்து அப்போது சில மாதம்தான் ஆகியிருந்தது. கடையில் ஒரு டம்ளரும் அசையவில்லை. ஒருவர் எழுந்து காசை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

"டீ ஆறுது சார்" என்றாள் அக்கா.

அந்தக் கடையில் அப்படி ஒரு வழக்கம் இருந்தது. அவன் என்ன செய்தான் என்று கேட்கலாம், எப்போது வருவான் என்று மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள். வெளியூர்க்காரன் நான் ஒருவன்தான் கேட்டேன்.

என் மகள் அப்போது பதினொன்றாம் வகுப்பு. கணினிப் பாடம் வேண்டும் என்று ஆலங்காயத்தில் சேர்ந்திருந்தாள். பக்கத்துத் தெருவில் இருந்த சிநேகிதியும் அவளும் ஒன்றாகப் போய் ஒன்றாக வருவார்கள். என் மனைவி வேலூரில் செவிலியர், வாரக் கடைசியில்தான் வருவாள். அதனால் நான் அலுவலகம் முடிந்து வரும்வரை பெண்கள் இருவரும் அக்கா கடை பெஞ்சில் இருப்பார்கள். பிஸ்கட் ஜாடியில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஜப்பான் கார்ட்டூன் பார்ப்பார்கள். "கார்ட்டூன் இல்லப்பா, அனிமே" என்று திருத்துவாள்.

அதில் ஒரு பையன். ஆள் சிறியவன், தலை மட்டும் பெரியது. கையில் எப்போதும் ஒரு லாந்தர். தினமும் பள்ளிக்குத் தாமதமாக வருவான். அவன் வரும்போது கதவு சாத்தியிருக்கும். சுவர் ஏறிக் குதிப்பான், கால்சட்டை கிழியும், தலைமையாசிரியர் துரத்துவார். மறுநாள் மறுபடியும் கதவு.

அக்காவுக்கு அவனை மிகவும் பிடித்துவிட்டது. "இன்னா பாப்பா, தலை பூசணிக்காயாட்டம் கீது. இன்னிக்காவது உள்ள வுட்டாங்களா அவன?" என்று போண்டாவைத் திருப்பியபடியே கேட்பாள்.

"இல்ல அத்தே. இன்னிக்கும் வெளியதான்."

"அடப் பாவமே" என்று சிரிப்பாள்.

ஒருநாள் பெண்கள் இருவரும் அவளுக்கு வேறொன்றைப் போட்டுக் காட்டினார்கள். அதே பையன், அதே லாந்தர். ஆனால் தலை சரியான அளவில் இருந்தது, முகத்தில் ரத்தம் இருந்தது. வெளியே நின்று ஒரு கோட்டைக் கதவைத் தோளால் முட்டிச் சாத்திக்கொண்டிருந்தான். அவன் முதுகுக்குப் பின்னால் ஏதோ பெருங்கூட்டம் பாய்ந்து வந்தது. அக்கா பாதியிலேயே எழுந்தாள். "பால் பொங்குது" என்றாள். பால் அடுப்பிலேயே இல்லை. அதற்குப் பிறகு, "அந்தப் பெருந்தலைப் பையன மட்டும் போடுங்க" என்றுதான் கேட்டாள்.

வீட்டுக்கு நடக்கும்போது நான் மகளிடம் விளக்கம் கேட்டேன். இரண்டிலும் அதே பையன் எப்படி என்று புரியவில்லை.

"நீ பார்த்த ரெண்டாவதுதான்ப்பா மெயின் சீரிஸ். அதுல அவன் கதவ சாத்திக்கினே செத்துடுவான். அவன் வெளிய, ஊரு உள்ள. மொதல்ல பார்த்தது ஸ்பின்-ஆஃப். அதே ஆளுங்கள வெச்சு காமெடியா எடுப்பாங்க. மெயின்ல செத்தவங்க எல்லாரும் இதுல உயிரோட இருப்பாங்க. கொன்னவன்கூட ஹெட்மாஸ்டரா வருவான். அடிபட்டா அடுத்த வாரம் சரியாயிடும். எதுவும் மிச்சம் இருக்காது."

"இதைத் தெரியாதவங்க பார்த்தா?"

"சும்மா சிரிப்பாங்க. தெரிஞ்சவங்களுக்கு வேற மாதிரி. அவன் ஏன் தெனமும் கதவுக்கு வெளிய நிக்கறான்னு தெரியும் இல்ல? சிரிப்பு வரும், கூடவே அவன் செத்ததும் ஞாபகம் வரும். மெயின்ல எது ரொம்ப வலிச்சுதோ அதைத்தான் இதுல ஜோக்கா வெப்பாங்க."

தெரு திரும்பும்போது சொன்னாள்: "அத்தை சொல்ற எல்லாக் கதையிலயும் ஒரு மரம் வருதுப்பா. பார்த்தியா?"

நான் பார்த்திருக்கவில்லை. யோசித்தேன். பிளாஸ்டிக் மரம், படுக்கை போட்ட மரம், ஆடு தின்ற வாழை மரம். ஒவ்வொரு கதையும் ஒரு மரத்தில்தான் முடிந்திருந்தது. அவன் வயது ஏறவே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. எப்போதும் நேற்றுத்தான் பெங்களூர் போனவன் மாதிரி இருந்தான். ஒரு நாள் கதையில் மரத்திலிருந்து விழுந்தவன் மறுநாள் கதையில் ஓடிக்கொண்டிருந்தான்.

மறுநாள் எங்கள் அலுவலகக் காவலரிடம் விசாரித்தேன். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். "பெங்களூரும் இல்ல, ஒண்ணும் இல்ல சார். மேஸ்திரி ஒருத்தன் கூப்பிட்டான்னு ஆந்திரா பக்கம் செம்மரம் வெட்டப் போச்சு அந்தப் புள்ள. கூடப் போனவங்க வந்தாங்க, அது வரல. சொந்தக்காரங்க போய் அங்கியே எரிச்சுட்டு வந்தாங்க. அக்கா போவல. யார் கூப்ட்டும் போவல." எப்படிச் செத்தான் என்று நான் கேட்கவில்லை. மலையில் அதை யாரும் உரக்கப் பேசுவதில்லை.

இறந்தவனை வைத்துத் தினமும் சிரிக்கும் ஒருத்தியிடம் என் மகளை உட்காரவைத்துவிட்டு வருகிறேனே என்று பட்டது. கொஞ்ச நாள் அங்கே போக வேண்டாம் என்று மகளிடம் சொன்னேன்.

"ஏன்ப்பா?"

"அது பொய்ம்மா."

"பொய் இல்லப்பா. கடையில கீற எல்லாருக்கும் தெரியுது இல்ல? தெரிஞ்சுதானே சிரிக்கறாங்க? தெரியாத ஆளு நீ ஒருத்தன்தான் இருந்த. இப்ப உனக்கும் தெரிஞ்சுபோச்சு."

அதற்குமேல் என்னால் தடுக்க முடியவில்லை. ஆனால் அதன் பிறகு அக்கா பாய்லர் பக்கம் திரும்பிச் சிரிக்கும்போதெல்லாம் அவள் முகம் தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்பேன். ஒருநாளும் தெரிந்ததில்லை.

அந்த நாலு நாற்பதுக்கு வருகிறேன். மழை தூறிக்கொண்டிருந்தது, குடையோடு அலுவலகத்திலிருந்து முன்னதாகவே வந்திருந்தேன். மகளுடைய கைப்பேசி ஒலித்து ஒலித்து நின்றது. நான் நிலையத்து சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அக்கா அடுப்பைத் தணித்துவிட்டு, தலையில் ஒரு சாக்கைப் போட்டுக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னா சார், பாப்பா வர்லியா?"

"பஸ்ஸ விட்டுட்டாங்க போலக்கா. போன எடுக்கல."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானை வாய்க்குப் போனது.

"இன்னா ஆயிருக்கும் தெரியுமா? ரெண்டு பேரும் போன நோண்டிக்கினே வேலூர் பஸ்ல ஏறிக்கினு இருப்பாளுங்க. கண்டக்டர்கிட்ட 'ஜமுனாமரத்தூர் ரெண்டு'ன்றாளுங்க. 'இது வேலூர் போவுதும்மா'ன்றான் அவன். உம் பொண்ணு இன்னா சொல்லும்? 'பரவால்லண்ணா, திருப்புங்க'ன்னும்!"

எனக்கே சிரிப்பு வந்தது. நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்ததுபோல் இருந்தது. "அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் இன்னா, ரோட்ல திருப்ப எடம் இல்ல. கண்டக்டர் விசில புடுங்கி உம் பொண்ணு ஊதுது. எல்லாரும் எறங்கித் தள்ளறாங்க."

"சிநேகிதி ஜன்னல்ல தலைய விட்டுக்கிட்டு, 'வரலாம், வரலாம்'னு சொல்லியிருப்பா" என்றேன். என் வாயிலிருந்துதான் வந்தது. நிறுத்த முடியவில்லை. "வரலாம் வரலாம்னு சொல்லி, பின்னால ஒரு புளியமரம் இருந்ததப் பார்த்திருக்க மாட்டா."

அக்காவின் சிரிப்பு நின்றது. முந்தானை கீழே விழுந்தது. முதன்முறையாக அவள் முகத்தை முழுதாகப் பார்த்தேன்.

"வேணாம் சார்."

"இன்னாக்கா?"

"போதும். அவள இந்தக் கதைக்குள்ள இட்டாராத. நான் இதே பெஞ்சுலதான் ஆரம்பிச்சேன். கூடப் போனவங்கல்லாம் எறங்கனாங்க, அவன் எறங்கல. 'பஸ்ஸ வுட்டுட்டான், சோம்பேறி'ன்னு சொன்னேன். எதுத்தாப்புல நின்னவங்க சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து நிறுத்த முடியல." என் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "எழுந்திரு. கீழ போ. இன்னாவா இருந்தாலும் போய்க் கண்ணால பாரு. நான் போவல சார். நீ போ."

ஒரு ஜீப்காரரைக் கூட்டிக்கொண்டு இறங்கினேன். காவலூர் தாண்டி ஒரு வளைவில் கூட்டம் நின்றது. பேருந்தைத் தவறவிட்ட பெண்கள் இருவரும் பலாப்பழம் ஏற்றி வந்த வேனில் இடம் கேட்டு ஏறியிருக்கிறார்கள். வேன் பள்ளத்தில் கவிழ்ந்து கிடந்தது. சாலை முழுக்கப் பழங்கள் உடைந்து, மழையிலும் அந்த வாசனை மூச்சை அடைத்தது. என் மகள் ஒரு பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். ஒரு கை தொங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் சிநேகிதியின் சாப்பாட்டு டப்பாவை மார்போடு அணைத்திருந்தாள். கொஞ்ச தூரத்தில் யாரோ தன் துண்டை எடுத்து ஒரு உருவத்தின்மேல் போர்த்தியிருந்தார். துண்டுக்கு வெளியே பள்ளிக்கூடச் செருப்பு தெரிந்தது.

என் மகள் உயிரோடு இருக்கிறாள் என்ற நிம்மதியோடு அந்தச் செருப்பைப் பார்த்தேன். அந்த நிம்மதியை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. இன்றும் பலாப்பழம் விற்கும் தெருவில் என்னால் நடக்க முடிவதில்லை.

அதன் பிறகு மகள் பேசவில்லை. கையில் மாவுக்கட்டு. மனைவி நீண்ட விடுப்பு எடுத்து வந்தாள். வேலூர் மருத்துவர், கொஞ்ச காலம் ஆகும், வற்புறுத்தாதீர்கள் என்றார். கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பாள், தட்டு வைத்தால் சாப்பிடுவாள். சொல் மட்டும் வரவில்லை. நான் ஒரு மாலை அந்தப் பெருந்தலைப் பையனைக் கைப்பேசியில் போட்டு அவள் முன்னால் வைத்தேன். அவள் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தாள்.

அக்கா கடையிலும் கதை நின்றுபோயிருந்தது. யாரும் கேட்கவும் இல்லை. டம்ளர் வைக்கும் சத்தம் மட்டும் கேட்டது. இட்லி வாங்கப் போனால் என் தூக்குப் பாத்திரத்தில் கூடுதலாக நாலு வைப்பாள், பேச மாட்டாள். எங்கள் சந்து முனைவரை வந்து, வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போவதை மனைவி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள்.

ஒருநாள் நானே கேட்டேன். "ஒரு தரம் வந்து அவகிட்ட எதாவது கதை சொல்லுக்கா. நீ சொன்னா சிரிப்பா."

"என்கிட்ட கீறது இப்ப அவளுக்கு ஆவாது சார்."

"சும்மா வந்து உட்காரு. மத்தபடி பரவால்ல, நல்லாத்தான் இருக்கா. காலைல எழுந்துக்கறா. அந்தப் பொண்ணோட டப்பா இவகிட்டயே இருந்துபோச்சு. அதை தினமும் சாயங்காலம் ஒரு கையால கழுவிக் கவுத்து வைக்கறா. காலைல தன் தட்டுலேர்ந்து ரெண்டு இட்லி எடுத்து அதுல வைக்கறா. ஏதோ ஒரு வேலையில மனசு போகட்டும்னு நாங்களும்..."

அக்கா கையில் இருந்த கரண்டி மாவுக்குள் நழுவியது.

"தெனமுமா?"

"தினமும்."

"டப்பால வெச்சு மூடறாளா?"

"மூடிப் பையில வைக்கறா."

நான் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தது, செத்துப்போன சிநேகிதிக்கு மகள் தினமும் சாப்பாடு கட்டுவதை என்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் புரிந்தது. மீதி இட்லியை வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். டப்பா அலமாரிமேல் கவிழ்ந்திருந்தது, காலை இட்லிக்குக் காத்திருந்தது. அதை எடுத்து ஒளித்துவிடலாம் என்று தோன்றியது. கை போகவில்லை. நானும் மனைவியும் சமையலறையில் நின்று, இந்தப் பெண்ணும் இனி இப்படியே இருந்துவிடுவாளோ என்று முணுமுணுத்துக்கொண்டோம்.

அன்று அக்கா வரவில்லை. மறுநாளும் வரவில்லை. அதற்கடுத்த நாள் வெயில் நன்றாக அடித்துக்கொண்டிருந்த மத்தியானம், கடை மூடாத நேரம், வாசலில் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. தலை வாரி, வேறு புடவை கட்டியிருந்தாள். கையில் தூக்கு இல்லை, போண்டாப் பொட்டலம் இல்லை. சிரிக்கவும் இல்லை. சிரிப்பில்லாமல் அவள் ஓர் இடத்துக்குள் நுழைவதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

மகள் தரையில் உட்கார்ந்து, பையிலிருந்து டப்பாவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். அக்கா எதிரே உட்கார்ந்து காலை மடக்கிக்கொண்டாள். வெகுநேரம் டப்பாவையே பார்த்தாள். பிறகு பழக்கத்தில் வாய் திறந்தது.

"நேத்து நம்ம ஆளு..."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அக்கா தலையை ஆட்டிக்கொண்டாள். முந்தானையைக் கையிலிருந்து விட்டுவிட்டு, மகளின் மாவுக்கட்டின்மேல் கையை வைத்தாள்.

"இல்ல பாப்பா. நேத்து இல்ல. எம் புள்ள செத்துட்டான்."

என் மகளின் உதடு அசைந்தது. நாங்கள் மறந்தே போயிருந்த குரல் வந்தது.

"தெரியும் அத்தே. அவளும்தான்."